லூர்துமேரி கொடுத்த பால்

லூர்துமேரி பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். கிளியனூர் நிறுத்தத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நிற்பாள். பஸ் வரும், நிற்கும், போகும். இவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். என் தையல் கடை நிறுத்தத்துக்கு நேர் எதிரே. மிஷினை நிறுத்திவிட்டுத் தொண்டை கிழியக் கத்துவேன். தூக்கத்தில் தட்டி எழுப்பியதுபோல என்னைப் பார்ப்பாள். எங்கடி போனாய் என்று கேட்டால், யாரோ குழந்தை அழுததுபோல இருந்தது என்பாள். நம் காதில் லாரிச் சத்தம்தான் விழுந்திருக்கும்.

கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கு அவள்தான் காரணம் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். காரணம் அவள்தான், அதில் பொய் இல்லை. வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் பேசட்டும். கூடவே போய்ப் பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன்.

நான் இளவரசி. எங்களுக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிற நிலம் கொஞ்சம் உண்டு, அதை வீட்டுக்காரர் சீனுவாசன் பார்த்துக்கொள்கிறார். நான் ரவிக்கை தைக்கிறேன். லூர்துமேரி பக்கத்து வீடு. கொத்தனார் சவுரிராயனைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தவள். திண்டிவனத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சவுரிராயன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. நல்ல மனுஷன், வீட்டில் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது.

அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். பிறக்கும்போதே மூச்சுத் திணறல். பிழைக்காது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து சூசை என்று பேர் வைத்தார்கள். பேரோடு போனான். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை. ஆனால் சூசைக்கு வந்த பால் சுரந்துகொண்டே இருந்தது. மார்பு கட்டிக்கொண்டு, துணி நனைந்து, வலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருக்க முடியாமல் உடம்பு தேறுமுன்பே வேலைக்கு ஓடினாள். குழந்தைகள் அழுகிற இடத்துக்கே ஓடினாள் பாருங்கள், அதுதான் லூர்துமேரி.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லையாம். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கத் துணிகள் காயாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கோட்டக்குப்பத்தில் இருந்து மைமூன் என்கிற பெண்ணுக்கு அங்கே பெண் குழந்தை பிறந்தது. மைமூனுக்கு மார்பில் கட்டி வந்து காய்ச்சல் தூக்கியடித்தது. பால் கொடுக்க முடியவில்லை. அவளே லூர்துமேரியின் கையைப் பிடித்துக் கேட்டாள். ஊர் அறியத்தான் கொடுத்தாள் இவள். அந்தப் பெண்தான் ரிஸ்வானா. அன்றிலிருந்து நோன்புக் கஞ்சியும் பக்ரீத் பிரியாணியும் வருஷம் தவறாமல் கிளியனூருக்கு வந்துவிடும். அதில் பாதி எங்கள் வீட்டுக்கும் வரும், நன்றி கெட்டதனமாக மறைக்க மாட்டேன்.

ரிஸ்வானா பள்ளிக்கூடம் போகிற வயதில் மைமூன் ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் மார்க்கத்தில் ஒரே பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களாம். தாய் தகப்பன் வேறு வேறாக இருந்தாலும், ஒருவரை ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளவே முடியாதாம். "உனக்கு ஒரு மவன் இருந்து அவன் எங்க வழிக்கே வந்தாக்கூட எம் பொண்ணைக் குடுக்க முடியாது, தெரியுமா" என்றாளாம். லூர்துமேரி அன்று என் கடைக்கு வந்து, சூசைக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் அக்கா என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். நான் போட்ட தையலையே பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

அவளுக்கு அடிக்கடி ஒரே கனவு வரும். காலையில் என்னிடம் வந்து ஒப்பிப்பாள். காயாத வெள்ளைத் துணிகள் வரிசையாகத் தொங்குமாம். ஒன்றை விலக்கினால் இன்னொன்று, அதை விலக்கினால் இன்னொன்று. துணிகளுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கிறார்களாம். சத்தம் கேட்குமாம், போய்ச் சேர முடியாதாம். இதைக் கேட்டுக்கொண்டே நான் காஜா எடுப்பேன். பிள்ளைகள் என்று ஏன் எப்போதும் ஒன்றுக்கு மேல் சொல்கிறாள் என்று நான் யோசித்ததில்லை.

போன தை மாதம் லூர்துமேரி என் கடையில் இருந்தபோது மைமூன் பட்டுப் புடவையும் பத்திரிகையுமாக வந்தாள். ரிஸ்வானாவுக்குக் கல்யாணம். பையன் தவ்ஃபீக், திண்டிவனத்தில் தகப்பனோடு இரும்புக்கடை பார்க்கிறான். பிறந்தவுடன் தாயை இழந்து விழுப்புரத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தவனாம், தங்கமான குணமாம். நிச்சயம் ஆன நாளிலிருந்து இரண்டும் போனில் பேசிக்கொண்டே இருக்கிறதாம். மைமூன் சொல்லச் சொல்ல லூர்துமேரி புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஜரிகையையே தடவிக்கொண்டிருந்தாள். மைமூன் போனதும், ரவிக்கைத் துணியை என்னிடம் நீட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அளவு எடுக்க வா என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன், வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போனேன். கூட வருகிறேன் என்றாள். நான் கும்பிட்டுவிட்டு வருகிறவரை அவள் கல்மரப் பூங்காவில் இருப்பது வழக்கம். மரமாக இருந்து கல்லாகிப் போன கட்டைகள் புல்லில் அங்கங்கே படுத்துக் கிடக்கும். வெயில் மங்கலாக இருந்தது, ஒரு காக்கா கூட இல்லை. குங்குமத்தோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லில் தெரிந்த மர ரேகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதே மழையில், அதே ஆஸ்பத்திரியில், சபூரா என்று இன்னொரு பெண்ணுக்கும் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவம் ஆன மறுநாள் வலிப்பு கண்டு, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புருஷன் அவள் பின்னாலேயே ஓடிவிட்டான். குழந்தை இங்கே. புட்டிப் பால் போதும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். குழந்தை புட்டியைத் துப்பித் துப்பி அழுதிருக்கிறது. இவள் யாருக்கும் தெரியாமல் துணி வைக்கிற அறைக்குள் எடுத்துப் போய், ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறாள். சபூரா திரும்பி வரவில்லை. அத்தைக்காரி வந்து விழுப்புரத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போகிறவரை இவள்தான் கொடுத்திருக்கிறாள். அந்தக் குழந்தைதான் தவ்ஃபீக். அந்த இரும்புக்கடைக்காரரை அன்றிலிருந்தே இவளுக்கு அடையாளம் தெரியும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை யாரிடமாவது சொன்னாயா என்றேன். இல்லை என்றாள். அப்படியே முழுங்கிவிடு என்றேன். அது அவர்கள் சட்டம், உனக்கு ஏது அந்தச் சட்டம்? என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். வடக்கே போய் இதைச் சொன்னால் அண்ணனையா கட்டிக்கொண்டாய் என்று காறித் துப்புவார்களாம். அதற்காக நான் பாவியா? ஊருக்கு ஊர், சனத்துக்கு சனம் இதெல்லாம் மாறுகிற விஷயம். இரண்டு சின்னஞ்சிறுசுகள் ஆசையாக இருக்கின்றன. உன் ஒரு வார்த்தையில் அதை உடைக்கப்போகிறாயா? இப்படி மூச்சுவிடாமல் பேசினேன். நான் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் சீனுவாசன் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். இவள் போகாமல் கேட்டாள்.

பிறகு மெதுவாக, "அக்கா, வடக்கத்திப் பொம்பள ஒருத்தி உன்ன நம்பித் தன் பொண்ண உங்கிட்ட உட்டுட்டு செத்துப்போறா. நீ அந்தப் பொண்ண அதோட அத்தை மவனுக்குக் கட்டி வெப்பியா?" என்றாள்.

பதில் வராவிட்டால் நான் எழுந்து போய்விடுவேன். வாசலில் மாங்காய்ப் பத்தை வாங்கி, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போடச் சொல்லி, அவளுக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். தின்றுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். சூசைக்கு ஒரு தங்கச்சி என்று மைமூன் கொடுத்தபோது வேண்டாம் என்றா சொன்னேன், அள்ளிக்கொண்டேனே. இப்போது கஷ்டம் என்றதும் அந்தச் சட்டம் எங்களுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது என்றாள்.

ஆனாலும் அவளுக்கு பயம் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியார் பிரான்சிஸிடம் கேட்டாளாம். நம் திருச்சபையில் அப்படி ஒரு தடை இல்லை, பசித்த பிள்ளைக்குப் பால் கொடுத்தது புண்ணியம், மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளுடைய சாமியே விட்டுவிட்டது. நானும் விட்டுவிட்டேன். கேட்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. அவளுக்குத்தான் ராத்திரியில் துணிகள் விலகாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு காலையில் வேலைக்குப் போகாமல் என் கடைக்கு வந்து, கோட்டக்குப்பம் போகிறேன், துணைக்கு வருகிறாயா என்றாள். பேஜாரு பிடித்தவளே என்று திட்டிக்கொண்டேதான் கடையைச் சாத்தினேன்.

மைமூன் வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை. கடல் காற்றில் திரைச்சீலைகள் உள்ளே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. ரிஸ்வானா ஓடிவந்து மேரிம்மா என்று இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மருதாணி டிசைனைப் போனில் காட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன். லூர்துமேரி மைமூனைத் தனியாக உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பையனுக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மைமூன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினாள். "தெரியாம செஞ்சா எங்களுக்குக் குத்தம் இல்ல லூர்து. நீ சொல்லாம இருந்திருந்தா எம் புள்ள நல்லா வாழ்ந்திருக்கும். இப்ப தெரிஞ்சுபோச்சே. ஏன் சொன்ன?"

இதைத்தான் நானும் கேட்டேன். வேறு வாயில் இருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று எனக்கு உறைத்தது. லூர்துமேரியின் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற அஜரத்தை அழைத்துவந்தார்கள். வயதானவர், மெல்லிய குரல். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். வெறுமனே வாய் நனைந்ததா, வயிறு நிறைந்ததா, ஒரு தடவையா, பல தடவையா என்று கேட்டார். அது முக்கியமாம். மைமூன் இவள் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒரு கெஞ்சலை நான் எந்தக் கோயில் வாசலிலும் பார்த்ததில்லை. ஒரே தரம், சும்மா வாய் நனைய என்று ஒரு பொய் போதும். நான்கூட இவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"தூங்கிப் போற வரைக்கும் குடிக்கும் சாமி. அதை அவங்க அத்தை வந்து எடுத்துக்கினு போற மட்டும் நான்தான் குடுத்தேன். எத்தினி தரம்னு எண்ணல" என்றாள் லூர்துமேரி.

அஜரத்து திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு பெண்ணின் சாட்சி இதற்குப் போதாது என்று சொல்கிறவர்களும் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு நடத்த வேண்டும் என்றால் நடத்தலாம் என்றார். மைமூன் நிமிர்ந்தாள். ஆனால் இந்த அம்மாவுக்கு இதில் ஒரு லாபமும் இல்லையே, பொய் சொல்ல இவ்வளவு தூரம் வருவார்களா, கேட்டது கேட்டதுதானே என்று தனக்குத்தானே பேசுவதுபோல முடித்தார். அடுத்த அறையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரிஸ்வானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாங்கள் புறப்பட்டபோது யாரும் வாசல்வரை வரவில்லை. அவள் கொண்டுபோயிருந்த வாழைப்பழம் மேஜையில் அப்படியே இருந்தது. பஸ்ஸில் லூர்துமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து சவுக்குத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவளைத் திட்டவில்லை.

கல்யாணம் நின்றது. பையன் வீட்டில் கத்தினார்களாம், பிறகு அடங்கிப்போனார்களாம். பையனின் தகப்பன் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் இவளைக் கூப்பிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலேயே போனாராம். நோன்பு வந்தது, கஞ்சி வரவில்லை. பக்ரீத் வந்தது, பிரியாணி வரவில்லை. எனக்குப் பிரியாணி போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று மத்தியானம் லூர்துமேரி சோறு வடிக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள், ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்க் கேப்பைக் கூழைக் கரைத்துக் கொண்டுவந்து, குடி என்று கையில் திணித்தேன். குடித்தாள்.

அந்தப் பட்டுப் புடவையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். மைமூன் வாங்கவில்லை, அப்படியே திரும்பி வந்தது. அதுதான் அந்த வருஷம் கோட்டக்குப்பத்தில் இருந்து வந்த ஒரே சாமான்.

ஐப்பசி பிறந்து தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், என் கடை வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். ஆயாம்மா லூர்துமேரி வீடு எது என்று கேட்டான். யார் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நானும் கூடப் போனேன்.

லூர்துமேரி அவனைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தாள். அவனும் எதிரே தரையிலேயே உட்கார்ந்தான். இரும்புக்கடையில் எத்தனையோ தரம் அவனிடம் ஆணி வாங்கியிருக்கிறாளாம். இவ்வளவு பக்கத்தில் முகத்தைப் பார்த்ததில்லை. வெளியே தூறல். எனக்கே அந்த வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது.

எங்கம்மாவை நீங்கள் பார்த்தீர்களாமே என்று கேட்டான். அதற்குத்தான் வந்திருக்கிறான். வேறு யாருமே அவனுக்கு அவளைப் பற்றிச் சொன்னதில்லையாம். அப்பாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுவாராம். வீட்டில் இருக்கிற ஒரே போட்டோவில் அவள் சிரிக்கக்கூட மாட்டாளாம்.

லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சபூரா நன்றாகச் சிரிப்பாள், முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருக்கும், உனக்கு இருப்பது மாதிரியே. மழைச் சாரல் அடித்தாலும் ஜன்னலைச் சாத்த விட மாட்டாள். கொய்யாப்பழம் கேட்டாள், பிள்ளை பெற்றவளுக்குக் கூடாது என்றதும் முறைத்தாள். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்று அவள் சொன்ன அன்று குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "இவன் பசி தாங்க மாட்டான்க்கா, பாத்துக்கோன்னு சொல்லிச்சு. அப்புறம் அது பேசல" என்று முடித்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. நான் கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தேன்.

கொஞ்சம் தேறியதும் சொன்னான். ஷார்ஜாவில் வேலை கிடைத்திருக்கிறதாம், நாளைக்குப் புறப்படுகிறானாம். ரிஸ்வானாவைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "எங்க வீட்டுல வெளிநாடு போறவங்க எல்லாம் மொதல்ல அம்மாகிட்டதான் பயணம் சொல்லுவாங்க. எனக்கு மட்டும் சொல்றதுக்கு ஆள் இல்லாம இருந்துச்சு. அதான் வந்தேன்" என்றான். சொல்லிவிட்டு அவள் முன்னால் தலையைக் குனிந்தான்.

கிறிஸ்தவர் வீடுகளில் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது பெற்றவள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள். லூர்துமேரிக்கு யாரையும் அப்படி அனுப்புகிற வேலை வந்ததே இல்லை. அவளுடைய கை தானாக எழுந்தது, கட்டைவிரல் அவன் நெற்றிக்குக் கிட்டே போனது. அங்கேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிறவள் நான், அப்போது எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, மிச்சக் கையை அவன் தலைமேல் வைத்தாள். அவன் நெடுநேரம் நிமிரவே இல்லை.

நிறுத்தம் வரைக்கும் போய் வழியனுப்பினோம். வர்றேம்மா என்று பஸ் படியில் நின்று சொன்னான். பார்த்துப் போப்பா, வேளைக்குச் சாப்பிடு, நீ பசி தாங்க மாட்டாய் என்றாள் லூர்துமேரி. பஸ் திண்டிவனம் பக்கம் போய் மறைந்தது. நான் கடைக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். அவள் எதிரே தூறலில் நின்றுகொண்டிருந்தாள், கட்டைவிரலை இன்னும் உள்ளேயே மடக்கி வைத்தபடி. அடுத்த பஸ் வந்தது, நின்றது, போனது. அன்றைக்கு நான் கத்தவில்லை.